டேங்க்கை வடித்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிராவல் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருப்பவர்கள் பலர், குளிர்காலத்துக்கு முன் டேங்க்கைத் திறந்து தண்ணீரை வடித்ததும் வேலை முடிந்தது என்று வண்டியைப் பூட்டிவிடுகிறார்கள். வசந்தத்தில் பம்ப்பைப் போடும்போது எங்கெங்கோ ஒழுகுகிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். பெக்ஸ் எனப்படும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் ஓரளவு விரிந்து கொடுக்கும். பம்ப்பின் தலைப்பகுதி, கழிப்பறையின் பின்னாலுள்ள பிளாஸ்டிக் வால்வு, ஷவர் குழாயின் உட்பகுதி இவையெல்லாம் கொடுக்காது. அங்கே தேங்கும் அரைக் கோப்பை நீர் போதும், விரிசல் விட.

முதலில் வாட்டர் ஹீட்டர். கேஸ், மின்சாரம் இரண்டையும் அணைத்து, நீர் நன்றாக ஆறட்டும். பம்ப்பை நிறுத்தி, ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகே ஹீட்டரின் வடிகால் அடைப்பானில் கை வையுங்கள். இல்லாவிட்டால் சுடுநீர் முகத்தில் பீய்ச்சும். அடைப்பானைக் கழற்றியதும் மேலுள்ள ரிலீஃப் வால்வை (அழுத்தம் விடுவிக்கும் வால்வு) திறந்தால் காற்று புகுந்து வேகமாக வடியும். எஃகு டேங்க்கில் அடைப்பானோடு ஆனோடு கம்பியும் (டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் கம்பி) வரும். முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது போடுங்கள்.

அடுத்து, ஹீட்டருக்குள் போகாமல் நீரைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வைத் திருப்புங்கள். இதை மறந்தால், குழாய்களில் விடுவதற்காக வாங்கிய ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) முழுவதும் 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் பிடிக்கும் ஹீட்டருக்குள் போய்விடும். குழாய்களுக்கு எதுவும் மிஞ்சாது. தண்ணீர் ஃபில்டரைக் கழற்றி எறியுங்கள். வண்டியின் அடியில் சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் தனித்தனியாக இருக்கும் வடிகுழாய்களைத் திறந்து, வடிந்ததும் மூடுங்கள்.

குழாய்களில் காற்றடித்து மிச்ச நீரை வெளியேற்றினால் போதுமே என்பார்கள். அடிக்கலாம், அழுத்தம் 40 பிஎஸ்ஐ தாண்டாமல். ஆனால் வெளியிலிருந்து தண்ணீர் ஹோஸ் மாட்டும் இணைப்பு வழியாக அடிக்கும் காற்று பம்ப்புக்குள் போகாது; பம்ப்பிலுள்ள ஒருவழி வால்வு அதைத் தடுத்துவிடும். உள்ளே நின்ற நீர் அப்படியே நிற்கும். அதனால் காற்றை மட்டும் நம்புவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இளஞ்சிவப்பு நிற ஆர்வி ஆன்டிஃப்ரீஸ்தான் (இவ்வகை வண்டிகளுக்கென விற்பது) வேண்டும், அதிலும் புரொப்பிலீன் கிளைகால் வகை. கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைகால் நஞ்சு. குடிநீர்க் குழாயில் அது ஒரு சொட்டும் போகக் கூடாது. வழக்கமான வண்டிக்கு 8 முதல் 11 லிட்டர் ஆகும். தண்ணீர் கலக்காதீர்கள், கலந்தால் காக்கும் திறன் குறையும். பம்ப்பின் உறிஞ்சு குழாயை நேரே கேனுக்குள் விட்டு, பம்ப்பைப் போட்டு, ஒவ்வொரு குழாயிலும் சுடுநீர்ப் பக்கம், குளிர்நீர்ப் பக்கம் இரண்டிலும் நல்ல இளஞ்சிவப்பு வரும்வரை திறந்து மூடுங்கள். கழிப்பறையின் ஃப்ளஷ் மிதியையும் அப்படியே மிதித்துவிடுங்கள். வெளி ஷவரைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். சலவை இயந்திரம் இருந்தால் அதையும்.

ஹோஸ் மாட்டும் இணைப்பிலும் ஒருவழி வால்வு உண்டு. பம்ப்பை நிறுத்தி, அழுத்தத்தைப் பெரும்பாலும் இறக்கி, அதிலுள்ள வடிகட்டி வலையை எடுத்துவிட்டு, மழுங்கிய குச்சியால் வால்வின் நடுவை மெல்ல அழுத்துங்கள். அங்கும் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்க வேண்டும். சிங்க், ஷவர் தொட்டிகளின் அடியிலுள்ள வளைகுழாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பை ஆன்டிஃப்ரீஸ், கழிப்பறைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றுங்கள். கழிவு டேங்க்குகளைக் காலி செய்து கழுவியிருக்க வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை.

கேனில் மைனஸ் 50 ஃபாரன்ஹீட் என்று அச்சிட்டிருப்பது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாக இறுகும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம்.

ஹீட்டரின் மின்சுவிட்ச் மேல் "உள்ளே தண்ணீர் இல்லை" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஹீட்டர் டேங்க் காலியாக இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் நீரைச் சூடாக்கும் எலிமென்ட் எரிந்துவிடும்.

இப்படிக்கு,
டிரெய்லர் பராமரிப்பில் அனுபவமுள்ள வாசகர்கள்