தாத்தாவின் தகர வீட்டில் கை வைக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கிளேர்வுட் பகுதியில் இருக்கும் தாத்தா வீட்டுத் தகரத்தை உரித்துவிட்டு பிளாக் கல் சுவர் எழுப்பலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்ப்பா. டர்பனில் மரமும் தகரமுமான வீடுகள் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்தான். தவிர, 60 வயது தாண்டிய கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ 1999-ஆம் ஆண்டு தேசிய மரபுவளச் சட்டம், 34-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அதைக் கொடுப்பது அமாஃபா என்ற மரபுவள நிறுவனம்.

கூரையை அப்புறம் பார்க்கலாம். முதலில் தரைப்பலகைக்கு அடியில் புகுந்து, உத்தரங்களின் முனைகளை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார். சிரமமில்லாமல் இறங்கினால் அந்த முனை உளுத்துவிட்டது. மண் மட்டம் மரத்துக்கு 150 மி.மீ.யாவது கீழே இருக்கட்டும். ஏறியிருந்தால் வெட்டி எடு. தொய்ந்த இடத்தை ஜாக்கியால் நாளுக்கு 3 மி.மீ. மட்டும் தூக்கு. அவசரப்பட்டால் மேலே சன்னல் கண்ணாடி தெறிக்கும், சுவர்ப்பலகை மூட்டு விடும்.

சன்னல் கட்டையில் கசகசா மாதிரி துகள் குவிந்திருந்தால் லென்ஸ் வைத்துப் பார். ஆறு பட்டை தெரிந்தால் உலர்மரக் கறையான். அது மண்ணுக்கு வராமல் மரத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துவது. தரையில் மருந்து ஊற்றுவது காசுக்குக் கேடு. மரத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டும், பரவியிருந்தால் வீட்டையே மூடிப் புகை போட வேண்டும்.

தகரத்தில்தான் ஆளாளுக்குக் கெடுக்கிறார்கள். கிரைண்டர் போட்டால் துருவோடு துத்தநாகப் பூச்சும் போய்விடும். கம்பி பிரஷ் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலரத் தேய்க்காதே, தண்ணீர் தொட்டுத் தேய். துத்தநாகத்தின் மேல் நேராக எண்ணெய் பெயின்ட் அடித்தால் இரண்டும் வினைபுரிந்து சோப்பாகி, ஏடு ஏடாக உரியும். முதலில் கால்வனைஸ்டு தகரத்துக்கான பிரைமர். ஓட்டை விழுந்த தகடுக்கு மாற்று வாங்கும்போது 76 மி.மீ. நெளி இடைவெளி, ச.மீ.க்கு 275 கிராம் துத்தநாகம் என்று கேள். கடைக்காரர் அலுமினிய-துத்தநாகத் தகட்டை நீட்டுவார். அதைக் கூரை மேல்பாதியில் போட்டால் அதிலிருந்து வழியும் மழைநீர் கீழே உள்ள பழைய தகரத்தை அரிக்கும். ஈயத் தகடு பட்டால் அந்த அலுமினிய-துத்தநாகத் தகடே அரிபடும்.

வெளித்தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவே ஃபோம் அடிக்கச் சொல்வார்கள். சம்மதிக்காதே. டர்பன் கோடைப் புழுக்கத்தில் தகரத்தின் முதுகில் வேர்க்கும் ஈரம் காய அந்த இடைவெளிதான் வழி.

உள்பலகைகளைக் கழற்றினால் கடைசியாக அடித்ததை முதலில் எடு; ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் எண் போடு. ஆணியை முன்பக்கமாகத் தட்டினால் பலகை முகம் சிலும்பும், பின்பக்கமாகக் குறட்டால் இழு. விளக்கு மாடத்துப் பலகையில் படிந்த கற்பூரக் கரியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடை, அந்தப் பலகையை மட்டும் இழைக்க விடாதே.

மேலும் கீழும் நகரும் சன்னல் தூக்கிய இடத்தில் நிற்காவிட்டால் அலுமினியத்துக்குத் தாவாதே. பெரும்பாலும் சட்டத்துக்குள் எடைக்கட்டியைத் தாங்கும் கயிறு அறுந்திருக்கும். விராந்தா மரச்சரிகையில் நல்லதாக ஒரு துண்டைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு, பிளைவுட்டில் அச்சு வெட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்