கடல்பாசி எடுக்கும் பெண்கள் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவி அக்காவுக்கும், பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் பரிசோதனை முகாம்கள் நடத்தினோம். ஓய்வூதிய மனுக்கள் எழுதிக் கொடுத்தோம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். அதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னோம்.

செயற்குழுவில் இந்த ஆண்டு அதிகம் பேசியது, நமக்கு நிதி தரும் அறக்கட்டளையின் மதிப்பீட்டைப் பற்றித்தான். முகாம் எத்தனை, வந்தவர்கள் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு கூடியது என்று படிவம் கேட்கிறது. நம் பெண்களோ, பாசி மறுபடி வளரட்டும் என்று மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தவர்கள். படிவத்தில் அது வருமான இழப்பாகத்தான் தெரியும். சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்ததே, அது இந்தப் பெண்களின் உரிமைக்கும் பாசியைக் காப்பதற்கும் பாடுபட்டதற்காகத்தான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தீவுப் பக்கம் போவதே பயமாகிவிட்டது. எடுத்த பாசியை வனத்துறை பறித்துக்கொண்டால் அழுதுகொண்டே கரைக்குத் திரும்பியவர்கள், இன்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைச் சொல்லித் தாங்களே மனு எழுதுகிறார்கள். மணிக்கணக்கில் கடல் தண்ணீரில் நின்று நீர்க்கடுப்பு வந்தாலும் வாயைத் திறக்காதவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கிறார்கள். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஏர்வாடியையும் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. மனநோயாளிகள் இருக்கும் குடும்பங்களோடு நம் உறுப்பினர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறார்கள். முகாமும் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. ஆனால் நம் சங்கம் செய்வதிலேயே கனமான வேலை அதுதான் என்பது என் கருத்து.

கணக்குக் கேட்பதில் நமக்கு வருத்தமே இல்லை. ஆண்டுதோறும் தணிக்கை செய்து பதிவாளருக்கு அனுப்புகிறோம். நாம் கேட்பது வேறு. பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதி வாங்கிச் சின்ன சங்கங்களுக்குப் பிரித்துத் தரும் வழி, வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்தோடு அடைபட்டது. அதனால் உள்நாட்டு அறக்கட்டளைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அவர்களும் ஓராண்டுத் திட்டத்துக்கு மட்டும் பணம் தந்தால், களப்பணியாளர் சம்பளத்துக்கும் அலுவலக வாடகைக்கும் எங்கே போவது? நிலம் தொடர்பான ஒரு மனுவே ஓராண்டில் முடிவதில்லையே.

சரி, அறக்கட்டளையிடம் நாம் கேட்க வேண்டியவற்றைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். நிதி குறைந்தது மூன்று ஆண்டுக்கு வேண்டும், சம்பளமும் வாடகையும் அதில் அடங்க வேண்டும். மதிப்பீட்டுக் கேள்விகளை நம்மோடு உட்கார்ந்து தயாரிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், பெண்கள் வீட்டில் இருக்கும்போது வந்து பேச வேண்டும். எழுதியதைத் தமிழில் இந்தக் கூட்டத்திலேயே வாசித்துக் காட்ட வேண்டும்.

சேர்க்கவோ மாற்றவோ வேண்டியதை இப்போதே சொல்லுங்கள். அப்புறம் பொருளாளர் வரவு செலவை வாசிப்பார்.

செயலாளர்