கூக்ளி கேட்ட குடியாத்தம் தம்பிக்கு

தம்பி,

லெக் பிரேக் மாதிரியே வந்து எதிர்ப்பக்கம் திரும்புகிற கூக்ளியை எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறாய். பதினாலு வயதில் லெக் ஸ்பின் போடுகிற எவனும் முதலில் கேட்பது அதைத்தான். சொல்கிறேன். அதற்கு முன்னால் நம் தமிழ்நாட்டு லெக் ஸ்பின்னர் லக்ஷ்மன் சிவராமகிருஷ்ணன் கணக்கை ஒருமுறை பார்த்துவிடு.

16 வயதில் ரஞ்சியில் டெல்லிக்கு எதிராக 28 ரன்னுக்கு 7 விக்கெட். 1983 ஏப்ரலில், 17 வயதில், ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட். 1984 கடைசியில் இங்கிலாந்து வந்தபோது பம்பாயில் இரண்டு இன்னிங்ஸிலும் ஆறாறு, டெல்லியில் முதல் இன்னிங்ஸில் இன்னொரு ஆறு. மூன்று இன்னிங்ஸில் 18! ஐந்து டெஸ்ட் முடிந்தபோதோ மொத்தமே 23. மீதி மூன்றரை டெஸ்டில் ஐந்துதான். சேப்பாக்கத்தில், சொந்த ஊர் மைதானத்தில், கேட்டிங் 207, ஃபௌலர் 201 அடித்தார்கள். 1985 மார்ச்சில் மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப் ஒருநாள் ஃபைனலில் மியான்தாத்தையே ஸ்டம்பிங்கில் அனுப்பினார். 1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட்; வயது 20. ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட்.

டீக்கடையில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குப் படுவது ஒன்றுதான்: ஆச்சரியத்தில் விழும் விக்கெட் ஒரு தொடர்கூடத் தாங்காது. கூக்ளியைக் கையிலேயே படித்துவிட்ட பேட்ஸ்மேனை மறுபடி கிரீஸைவிட்டு இறக்குவது பந்தின் மிதப்பு, அதாவது மேலே எழும்பி இறங்கும் விதம், மட்டும்தான். அது குறைந்தால் எந்தத் திறமையும் எடுபடாது.

ஆகவே முதலில் லெக் பிரேக், லெக் பக்கத்திலிருந்து ஆஃப் பக்கம் திரும்பும் பந்து. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே, கொஞ்சம் இடைவெளி விட்டு. மோதிர விரலை மடக்கித் தையலில் பக்கவாட்டில் வை, சுழற்றுவது அதுதான். கட்டைவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பந்து உள்ளங்கைக்குள் புதைந்தால் சுழலாது. கை சின்னது என்றால் 156 முதல் 163 கிராம் பெரிய பந்தோடு மல்லுக்கட்டாதே. 13 வயதுக்குட்பட்டோருக்கான 133–144 கிராம் பந்தில் பழகு.

பயிற்சி: ஒரு முட்டி போட்டு, பத்தடி தூரத்தில் நிற்கும் நண்பனுக்கு மணிக்கட்டால் மட்டும் போடு. தையல் தள்ளாடாமல் ஃபர்ஸ்ட் ஸ்லிப் பக்கம் சாய்ந்து சுழல வேண்டும். அது கைவந்த பிறகு, பிட்ச் நடுவில் இரண்டு கழி நட்டு, உன் தலைக்கு ஓரடி மேலே கயிறு கட்டு. பந்து கயிற்றைத் தாண்டிப் போய், ஸ்டம்புக்கு நாலு மீட்டர் முன்னால் விரித்த துண்டில் விழ வேண்டும். ஷார்ட்டாக விழுந்துகொண்டே இருந்தால் இடது கையைப் பார்: அது சீக்கிரம் கீழே இறங்குகிறது.

நம் வடாற்காட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு பொறி உண்டு, பிட்ச்சின் மேல் விரிக்கும் பாயான மேட். தளர்வாக விரித்த மேட்டில் யார் உருட்டினாலும் பந்து திரும்பும். நாமும் ஷேன் வார்ன்தான் என்று தோன்றும். அதே பந்து சென்னையில் டர்ஃபில், அதாவது பாய் விரிக்காத புல் பிட்ச்சில், நேராகப் போய் பவுண்டரியைத் தொடும். மேட்டை நாலு பக்கமும் ஆணியடித்து இறுக்கிவிட்டு, அதிலும் திரும்புகிறதா என்று பார். டென்னிஸ் பால் பழக்கத்தை நம்பாதே. அதன் எடை பாதியும் இல்லை, விரல் சோம்பேறியாகிவிடும்.

இனி கூக்ளி. அதே பிடிதான். விடும்போது புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பு. இடது தோள் சரியும். அதைக் காட்டிக்கொடுக்காமல் போடுவதுதான் கஷ்டம். இதையே வாரக்கணக்கில் போட்டால் மணிக்கட்டு அந்த நிலையிலேயே உறைந்துபோய், லெக் பிரேக் திரும்புவது நின்றுவிடும். திரும்பக் கொண்டுவரப் பல மாதம் பிடிக்கும். வலையில் முப்பது லெக் பிரேக்குக்கு மூன்று கூக்ளி, அதற்கு மேல் வேண்டாம். மேட்ச்சில் இரண்டு ஓவருக்கு ஒன்று போதும், அதுவும் பேட்ஸ்மேன் கவர் பக்கம் அடிக்க ஆரம்பித்த பிறகு.

வேலூர் மே மாத வெயிலில் வியர்வை பிடியைக் கெடுக்கும். பந்தைத் துடைக்க அம்பயரிடம் சொல்லிவிட்டு இடுப்பில் ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொள். மோதிர விரல் தோல் உரிந்தால் அன்றைக்குப் பந்தைத் தொடாதே.

அன்புடன்,
அண்ணன்