கடைத்தெருவில் இன்னொரு பார் வேண்டாம்: எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயல் அலுவலர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதக் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தைப் பற்றி எழுதுகிறேன். எந்தத் தீர்மானம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் உள்ள நம் வணிக வளாகத்தின் மாடியை ஒரு மனமகிழ் மன்றத்துக்கு, அதாவது உறுப்பினர்கள் கூடுகிற ஒரு கிளப்புக்கு, வாடகைக்கு விடவும், அங்கே மது பரிமாற உரிமம் கேட்பவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுக்கவும் முடிவு செய்தீர்கள். அஜெண்டாவில் அது கடைசிப் பொருளாக வந்தது, யாரும் பேசவில்லை, ஒருமனதாக நிறைவேறிவிட்டது என்று எங்கள் வார்டு உறுப்பினரே சொன்னார். அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். இந்த மடலில் நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

கடைத்தெருவில் ஏற்கெனவே அரசு மதுக்கடை ஒன்றும் அதை ஒட்டி ஒரு பாரும் இருக்கின்றன. கடை அங்கே எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றார்கள். இருபதாயிரம் பேருக்கு உட்பட்ட ஊர்களுக்கு 220 மீட்டர் போதும் என்று பிறகு குறைத்தார்கள். 2017 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூட வேண்டி வந்தது. சாலையில் போகிறவர்களின் உயிரை நினைத்துச் சொன்ன தீர்ப்பு, நல்ல தீர்ப்புதான். ஆனால் மூடிய கடைகளுக்கு மாற்று இடம் தேடியவர்கள் ஊருக்குள்ளே தேடினார்கள். மெயின் ரோட்டில் இருந்த கடை அப்படித்தான் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. பஸ் நிறுத்தம் அதற்கு நேர் எதிரே.

நான் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். ஜவுளிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று வேலைக்குப் போய் ராத்திரி கடைசி டவுன் பஸ்ஸில் ஊர் திரும்புகிற பெண்கள் இங்கே நிறையப் பேர். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும், அதுவரை வீட்டோடு இருந்த பலரும் துணிந்து வேலைக்குக் கிளம்பினார்கள். சம்பளத்தில் பஸ்ஸுக்குப் போகிற காசு மிச்சம் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

பஸ் ஊருக்குள் நுழையும்போது மணி பத்தை நெருங்கியிருக்கும். மதுக்கடை அடைக்கிற நேரமும் அதுதான். கடைசி நிமிடத்தில் வாங்க ஓடி வருகிறவர்கள், வாங்கிவிட்டு நிற்கிறவர்கள், பாரிலிருந்து வெளியே வருகிறவர்கள் எல்லாரும் நிறுத்தத்து நிழற்குடையில்தான் கூடுகிறார்கள். சிலர் அதன் சிமெண்டு பெஞ்சில் படுத்திருப்பார்கள். பஸ் படிக்கட்டை மறித்துக்கொண்டு ஒருவன் நிற்பான். கண்டக்டர் இறங்கி வந்து அவனை விலக்கிவிட்டால்தான் நாங்கள் காலை வைக்க முடியும். அவர்கள் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது.

அதனால் நாங்கள் அங்கே இறங்குவதை நிறுத்திவிட்டோம். முந்தின நிறுத்தமான ஊருணிக்கரையில் இறங்கிப் பின்தெரு வழியாக நடக்கிறோம். நம் ஊர்ப் பின்தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடக்கிற வீடுகள். முன்தெருவிலாவது திண்ணை இருக்கும், விளக்கு எரியும், யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பின்தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுவர்தான். அந்த வீடுகளிலும் பாதி பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால் வந்து திறப்பார்கள். நாங்கள் கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது.

எங்களோடு வருகிற ஒரு பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. ஊருணியில் இறங்கியதுமே போனைக் காதில் வைத்துக்கொள்வாள். "அப்பா, ஊருணி தாண்டிட்டேன்ப்பா. இதோ பிள்ளையார் கோயில் திருப்பத்துக்கு வந்துட்டேன்" என்று வீடு வரைக்கும் சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்பாள். மறுமுனையில் யாரும் இல்லை. இருட்டில் நிற்கிறவன், இவளுக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டும், அதற்காகத்தான். முதல் தடவை அது எனக்குத் தெரிந்தபோது அவளிடம் ஒன்றும் கேட்க முடியவில்லை. இப்போது நாங்களும் அவளோடு சேர்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறோம்.

ஊருணிப் பக்கமும் பத்திரம் என்று சொல்ல முடியாது. பாரில் ஆகும் செலவுக்கு முடியாதவர்கள் பாட்டிலோடு படித்துறைக்கு வந்துவிடுகிறார்கள். காலி பாட்டிலைப் படியிலேயே அடித்து உடைக்கிறார்கள். எங்களில் ஓர் அக்காவுக்கு ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு கண்ணாடி ஏறிவிட்டது. தையல் போட்டு, ஒரு வாரம் சம்பளம் போயிற்று. நீலகிரியில் 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திரும்பத் தருகிற ஏற்பாடு வந்தது. காட்டில் விலங்குகளின் கால் காயப்படக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். எங்கள் ஊருணிப் படித்துறையை யார் யோசிப்பது?

இதையெல்லாம் தலைவர் அவர்களிடம் நேரில் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர், "அப்படியென்றால் பஸ் நிறுத்தத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமே" என்றார். ஐயா, அந்த நிறுத்தம் எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது. கடை வந்தது 2017இல். பிறகு வந்ததை விட்டுவிட்டு, முன்பிருந்தே இருப்பவர்களை நகரச் சொல்வது என்ன நியாயம்? எங்களுக்கு நிறுத்தம் மாற வேண்டாம். மாடியில் மன்றம் வர வேண்டாம்.

உரிமம் கொடுப்பது எங்கள் கையில் இல்லை என்று சொல்கிறீர்கள். சரி, உண்மைதான். உரிமத்தை மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை கொடுக்கிறது, ஆட்சியர் அலுவலகம் விசாரிக்கிறது. 2003ஆம் ஆண்டு விதிப்படி பேரூராட்சிப் பகுதியில் கோயிலுக்கும் பள்ளிக்கும் 100 மீட்டருக்குள் அரசு மதுக்கடையும் அதன் பாரும் இருக்கக் கூடாது. ஆனால் வணிகப் பகுதி என்று வகைப்படுத்திய இடத்துக்கு அந்தத் தூரக் கணக்கு பொருந்தாது என்று அதே விதியில் விலக்கும் இருக்கிறது. நம் கடைத்தெருவில் கோயில் இருக்கிறது, கடைகளுக்கு மேலேயும் பின்னாலேயும் குடும்பங்கள் இருக்கின்றன. தாளில் அது வணிகப் பகுதி. இதை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வளாகம் பேரூராட்சிச் சொத்து. மாடியை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதும், ஆட்சேபணை உண்டா இல்லையா என்று எழுதுவதும் முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. மனமகிழ் மன்றத்தில் சேர்ந்த உறுப்பினர்களுக்கு மட்டும்தான் பரிமாறுவார்கள் என்கிற சமாதானமும் வேண்டாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நடைமுறை என்ன என்று பக்கத்து ஊர்களைப் பார்த்தாலே தெரியும். அரசுக் கடை பத்து மணிக்கு அடைத்த பிறகும் மன்றம் திறந்திருக்கும். அப்போது நாங்கள் எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவது?

சுற்றுலா வளரும் என்றும் ஒரு காரணம் சொன்னார்கள். கடைத்தெரு ராத்திரியில் விழித்திருப்பது எனக்கும் பிடிக்கும். பரோட்டாக்கடைக் கல்லின் சத்தமும், பணியாரம் சுடுகிற அக்காவைச் சுற்றி நிற்கிற கூட்டமும் இருந்தால்தான் நாங்கள் பயமில்லாமல் நடக்க முடியும். வெளியூர்க்காரர்கள் இங்கே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் பர்மாத் தேக்குத் தூணையும் பார்க்க வருகிறார்கள், சாப்பிட வருகிறார்கள். வாடகைப் பணத்துக்காக மாடியில் மது பரிமாறினால், ஒன்பது மணிக்கே பணியார அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இப்போதே சனி, ஞாயிறுகளில் அப்படித்தான் நடக்கிறது.

குடிக்கிறவர்கள் யாரோ வேற்றூர் ஆட்களும் இல்லை. எங்கள் அண்ணன்மார், மாமன்மார், சிலருக்குக் கட்டிய கணவர்கள். 2003இலிருந்து சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது. அந்த வருமானத்தில்தான் நலத்திட்டங்கள் நடக்கின்றன என்று மாறி மாறி வருகிற எல்லா ஆட்சியிலும் சொல்கிறார்கள். அந்தப் பணம் எந்த வீட்டு அரிசிப் பானையிலிருந்து போகிறது என்பதையும் யாராவது ஒரு தடவை சொன்னால் தேவலை. 2023 ஜூனில் அரசே 500 கடைகளை மூடியது. எங்கள் ஊர்க் கடை அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக ஆட்சியரிடம் தனியாக மனு கொடுப்போம், அந்தப் பாரத்தை உங்கள் தலையில் வைக்க மாட்டோம். கோபத்தில் எங்கேயாவது வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருப்பதை மூட முடியாவிட்டாலும், இல்லாததைக் கொண்டுவராமல் இருக்க உங்களால் முடியும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துப் பேசுங்கள். தீர்மானத்தை ரத்து செய்து, ஆட்சேபணை இருக்கிறது என்று ஆட்சியருக்கு எழுதுங்கள். மாடி காலியாகக் கிடக்கிறதே என்று தோன்றினால், நூலகத்துக்கோ தையல் பயிற்சிக்கோ கொடுங்கள். வாடகை குறைவாக வந்தாலும் பரவாயில்லை. பின்தெருவில் எரியாத விளக்குகளையும் அதற்குள் மாட்டித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் நடக்கும் நாளில் நாங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வெளியே நிற்போம். உள்ளே கூப்பிட்டால் வந்து பேசவும் தயார்.

இப்படிக்கு,
கடைத்தெரு நிறுத்தத்துப் பெண்கள் சார்பாக,
உங்கள் வாக்காளர்களில் ஒருத்தி