ஒரே திரையில் இரண்டையும் வைக்கச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி கற்கத் தொடங்குகிறவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மின்னஞ்சல், எக்செல், தமிழில் தட்டச்சு எல்லாம் இருந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் திறந்து கிடக்கும் விண்டோக்களை எப்படி நகர்த்துவது, எப்படிச் சிறிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் நாளே சொல்லித்தர வேண்டிய விஷயம் இது என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பது. பழைய பதிப்பை ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஒரு விண்டோவில் இருக்கும், புதிதாகத் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு இன்னொன்றில் இருக்கும், இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பல வருடம் நான் இரண்டையும் முழுத் திரைக்கு விரித்து வைத்து, ஆல்ட், டேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி மாறி மாறித்தான் பார்த்தேன். அங்கே ஒரு வரியைப் படித்து மனதில் வைத்துக்கொண்டு இங்கே வருவதற்குள் 'அதைச் சொன்னான்' என்று இருந்ததா 'அதை சொன்னான்' என்று இருந்ததா என்பது மறந்துவிடும், திரும்பப் போக வேண்டும். ஒருநாள் பக்கத்து மேசையில் லே-அவுட் செய்யும் பெண், "அண்ணே, விண்டோஸ் கீயைப் பிடிச்சுக்கிட்டு இடது அம்புக்குறியை அழுத்துங்க, மத்ததுக்கு வலது அம்புக்குறி" என்றார். அவ்வளவுதான். மூலம் இடப்பக்கம், நகல் வலப்பக்கம். கண்ணை மட்டும் திருப்பினால் போதும் என்று ஆனபோது, இத்தனை வருடம் எத்தனை ஒற்றைத் தவறவிட்டிருப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது.

இந்த வசதி 2009இல் விண்டோஸ் 7உடன் வந்தது. விண்டோஸ் 10இல் திரையை நான்காகவும் பிரிக்கலாம். இரண்டு விண்டோவுக்கு நடுவில் உள்ள கோட்டைப் பிடித்து இழுத்தால் ஒன்று பெருக, மற்றது அதற்கேற்பச் சுருங்கும். ஸ்கேனில் எழுத்து பொடியாக இருந்தால் நான் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்வேன். விண்டோஸ் 11இல் பெரிதாக்கும் பொத்தான் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினாலே எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று கட்டம் போட்டுக் காட்டுகிறது. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால்தானே அங்கே மவுஸை நிறுத்தத் தோன்றும்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1366 x 768 திரை உள்ள சிறிய லேப்டாப்பில் பாதி என்றால் ஒவ்வொன்றுக்கும் 683 பிக்சல்தான் கிடைக்கும். அதில் பல இணையதளங்கள் செல்போனில் வருவதுபோல ஒடுங்கிவிடும், சிலவற்றில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மைனஸைத் தட்டினால் பக்கம் சிறிதாகிப் பெரும்பாலும் அடங்கிவிடும். பழகுகிறவர்கள் இந்த இடத்தில்தான் 'நமக்கு இது சரிவராது' என்று விட்டுவிடுகிறார்கள், அதனால் இதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், என்னிடம் கணினி கற்றுக்கொண்டார். அவருக்குக் கை கொஞ்சம் நடுங்கும். விண்டோவின் ஓரத்தில், அளவை மாற்றப் பிடிக்க வேண்டிய அந்த இரட்டைத் தலை அம்பு வரும் இடம் நூல் அளவுதான். அதில் மவுஸை நிறுத்தவே அவர் படாத பாடு படுவார், நிறுத்தினாலும் இழுக்கும்போது நழுவிவிடும். அவருக்கு மவுஸே இல்லாத வழியைக் காட்டினேன். ஆல்ட்டுடன் ஸ்பேஸ்பாரை அழுத்தினால் ஒரு சிறிய பட்டியல் வரும், அதில் எஸ் எழுத்தைத் தட்ட வேண்டும். அப்புறம் எந்தப் பக்கத்து ஓரம் வேண்டுமோ அந்தப் பக்கத்து அம்புக்குறியைத் தட்டினால் அந்த ஓரம் பிடிபடும், தொடர்ந்து அம்புக்குறியைத் தட்டத் தட்ட அது நகரும், முடித்ததும் என்டர். விண்டோ முழுத் திரைக்கு விரிந்திருந்தால் மட்டும் இது வேலை செய்யாது, முதலில் அதே பட்டியலில் ஆர் தட்டிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். "சார், முடிஞ்சுதா பாருங்க" என்றேன். அவர் பதில் சொல்லாமல் விண்டோவைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதே பட்டியலில் எம் தட்டினால் விண்டோவை நகர்த்தலாம். இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய பிறகு சில நேரம் விண்டோ திரைக்கு வெளியே போய் நின்றுவிடும், டாஸ்க்பாரில் பெயர் இருக்கும், ஆளைக் காணோம். கோப்பே போய்விட்டது என்று பயந்து எனக்கு ராத்திரியில் போன் செய்தவர்கள் உண்டு. ஆல்ட் டேப்பில் அதைத் தேர்ந்து, ஆல்ட் ஸ்பேஸ், எம், ஏதாவது ஒரு அம்புக்குறியை ஒரு தடவை தட்டி மவுஸை அசைத்தால் அது மவுஸோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

1985இல் வந்த முதல் விண்டோஸில் விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன. ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கும் வசதி 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. அடுக்கிவைப்பது பிடித்தவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை உள்ளவர்களுக்கு, அதாவது மொழிபெயர்ப்பவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், ஆன்லைன் வகுப்பைப் பார்த்துக்கொண்டே குறிப்பெடுக்கும் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் வைப்பதுதான் வசதி.

அடுத்த இதழில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். விண்டோஸோடு நிறுத்திவிட வேண்டாம்: மேக்கில் இப்படி ஓரத்தில் ஒட்டவைக்கும் வசதி 2024இல் அதன் செக்வோயா பதிப்பில் வந்துவிட்டது, எக்ஸ்எஃப்சிஇ போன்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தைப் பிடித்தும் இழுக்கலாம். விசைகளை மட்டும் பெரிய எழுத்தில், வெட்டி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிற மாதிரி அச்சிட்டால் நல்லது. எங்கள் தெரு ஆசிரியருக்கு நானே முதல் பிரதியை வெட்டிக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வாசகர்