ஒதுங்கி நின்றது எந்த அரசு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'கொரிய அதிசயம்' கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை காபி ஆறிப்போனது. இரண்டாவது தடவை, முதலில் படித்தது சரிதானா என்று பார்ப்பதற்காக. சரிதான். "அரசு ஒதுங்கி நின்று வழிவிட்டது, உழைக்கும் குணம் கொண்ட மக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள்" என்றுதான் அச்சாகியிருக்கிறது.

கட்டுரையாளர் இளைஞர் போலிருக்கிறது, அவரை விட்டுவிடுகிறேன். இந்த வரி தங்கள் கண்ணைத் தாண்டி எப்படி அச்சுக்குப் போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தங்களுக்குத் தெரியாத சரித்திரமா?

1961 மே மாதம் தென் கொரியாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 'ஒதுங்கி நின்ற' அந்த அரசு ஆரம்பத்தில் செய்த வேலைகளில் ஒன்று, முறைகேடாகச் சொத்துச் சேர்த்தார்கள் என்று பெரிய முதலாளிகளைப் பிடித்து உள்ளே போட்டது. சாம்சங் நிறுவனர் லீ பியுங்-சுல் அந்த நேரம் டோக்கியோவில் இருந்ததால் தப்பினார். அப்புறம் திரும்பி வந்து பேச்சுவார்த்தை நடத்தினார். அபராதத்துக்குப் பதில் ஆலை கட்டித் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டு முதலாளிகள் வெளியே வந்தார்கள். வங்கிகள் அதே வருடம் அரசின் கைக்குப் போயின. அடுத்த வருடம் ஐந்தாண்டுத் திட்டம். 1965இல் சாதாரணக் கடனுக்கு வங்கி வட்டி 26 சதவீதம். ஏற்றுமதி ஆர்டரைக் கையில் வைத்திருப்பவனுக்கு அதில் கால்வாசிதான். மாதாமாதம் ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயே தலைமை தாங்கி உட்கார்ந்து, இந்த மாதம் யார் எவ்வளவு அனுப்பினீர்கள், ஏன் குறைந்தது என்று கேட்டார். 1964இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டாலர் ஆனது. இதற்குப் பெயர் ஒதுங்கி நிற்பது என்றால், என் வீட்டில் என் மாமியாரும் ஒதுங்கித்தான் நின்றார்.

நான் கப்பல் ஆள். அதனால் கப்பல் பற்றி நீங்கள் போட்ட பெட்டிச் செய்திதான் அதிகம் உறுத்துகிறது. ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ-யுங் கப்பல் தளம் கட்டக் கடன் தேடி 1971இல் லண்டன் போய், கொரியாவின் 500 வொன் நோட்டில் இருந்த ஆமைக் கப்பல் (ஆமை ஓடு போல மேலே மூடிய பழைய போர்க்கப்பல்) படத்தைக் காட்டி, "நாங்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே இரும்புக் கப்பல் கட்டியவர்கள்" என்று சொல்லிக் காரியத்தைச் சாதித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கதை. எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், நீங்களும் நிறுத்திவிட்டீர்கள். நோட்டைப் பார்த்து எந்த வங்கியாவது பணம் கொடுக்குமா? கொரிய அரசு பின்னால் ஜாமீன் நின்றது. இந்தத் தொழில் நமக்கு ஆகாது, விட்டுவிடுகிறேன் என்று ஒரு கட்டத்தில் பின்வாங்கப் பார்த்தவரை விடாமல் பிடித்துத் தள்ளியதும் அதே அரசுதான்.

கிரேக்க முதலாளி லிவானோஸ் தலா இரண்டரை லட்சம் டன்னுக்கு மேல் இரண்டு எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தார். 1972 மார்ச்சில் உல்சான் கடற்கரையில் மண் வெட்ட ஆரம்பித்தார்கள். தளத்தையும் கட்டினார்கள், அதற்குள்ளேயே கப்பலையும் கட்டினார்கள். வரைபடம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அந்த ஸ்காட்லாந்துத் தளத்தில் இடம் போதாது என்பதால் பெரிய கப்பலை இரண்டு பாதியாகக் கட்டி ஒட்டுவார்கள். இவர்களுக்கு இடம் இருந்தும், வரைபடத்தில் இருந்தபடியே இரண்டு பாதியாகக் கட்டினார்கள். கடைசியில் ஒரு பாதி இன்னொரு பாதியோடு சரியாகப் பொருந்தவில்லை! இதைச் சொல்லி நான் சிரிக்கவில்லை ஐயா. தெரியாத தொழிலை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினால் முதலில் இப்படித்தான் ஆகும். திருத்திக்கொண்டார்கள். 1974 ஜூனில் கப்பலுக்குப் பெயர் சூட்டினார்கள்.

அதற்குள் எண்ணெய் விலை ஏறி, எண்ணெய்க் கப்பல் வாங்க ஆள் இல்லாமல் போனது. லிவானோஸ் இரண்டாவது கப்பல் வேண்டாம் என்றார். இன்னும் சிலவும் வாங்க ஆளில்லாமல் நின்றன. உங்கள் கட்டுரைப்படி பார்த்தால் சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது, கடையைச் சாத்த வேண்டியதுதான். கொரியாவுக்கு வரும் கச்சா எண்ணெயைக் கொரியர்களின் கப்பலில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசு சொன்னது. விற்காத கப்பல்களை வைத்து ஹூண்டாய் 1976இல் ஒரு கப்பல் கம்பெனியையே ஆரம்பித்துவிட்டது. இந்தப் பகுதிக்குப் பெட்டியில் இடம் இல்லையாக்கும். நோட்டுப் படம் பெரிதாக வந்திருந்தது.

இனி 'உழைக்கும் குணம்'. 1984இல், புதுக் கப்பல் ஒன்றை ஒப்படைக்கும் முன் இன்ஜின் ரூமைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். நான் அப்போது செகண்ட் இன்ஜினியர். தெற்குக் கடற்கரையில் ஒரு தளம், பெயர் வேண்டாம். நான்கு மாதம், அதில் இரண்டு மாதம் தூத்துக்குடிக்காரனின் எலும்பைப் பதம் பார்க்கும் குளிர். இன்ஜின் வரைபடம் டென்மார்க்கிலிருந்து வந்தது. லைசென்ஸுக்குக் காசு கொடுத்து வாங்கியது. ஓரமெல்லாம் பென்சிலில் கொரிய எழுத்தில் குறிப்பு.

குழாய் வேலைக்கு ஒரு மேஸ்திரி. அவர் பெயர் என் வாயில் நுழையவில்லை. எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி 'பன்ஜாங்' என்றே நானும் கூப்பிட்டேன். எண்ணெய்க் குழாய் வெல்டிங்கில் குறை கண்டால் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போடுவேன். ஒன்றும் பேச மாட்டார். பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, குறையை வரைந்து, தேதி போட்டு, "ஒய்?" என்று மட்டும் கேட்பார். காலையில் வந்தால் அந்த இடம் தேய்த்து எடுத்து மறுபடி வெல்டிங் ஆகியிருக்கும். மூன்றாவது வாரம் நான் இறங்கிப் போனபோது, எனக்கு முன்னாலேயே நாலு இடத்தில் மஞ்சள் வட்டம் இருந்தது. அவரே போட்டது. அவர் கையில் என்னுடையதை விட நீளமான சாக்பீஸ்.

பார்த்தீர்களா, குணம்தானே என்பீர்கள். அவருடைய அப்பா குத்தகை விவசாயி. 1950இல் நிலச் சீர்திருத்தம் வந்து, யாரும் மூன்று ஹெக்டேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆனபோது, உழுத நிலம் சொந்தமானது. அதனால் பையன் பள்ளிக்கூடம் போனான். படித்ததால் பயிற்சிக்கு எடுத்தார்கள், வரைபடம் படிக்கத் தெரிந்தது. நோட்டில் தேதி போடும் குணம் இப்படித்தான் வந்தது. உங்கள் கட்டுரையில் 'நிலம்' என்ற சொல்லே இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன், 'ஒழுக்கம்' ஆறு தடவை வருகிறது.

அந்த ஒழுக்கத்தையும் சொல்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் லீவு. வாசல் காவலாளி அடையாள அட்டையோடு முடியின் நீளத்தையும் பார்ப்பார். நீளமாக இருந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். பன்ஜாங்குக்கு இடது கையில் ஒன்றரை விரல் இல்லை. 1987இல் உல்சான் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, இஷ்டப்படி முடி வைத்துக்கொள்ள விட வேண்டும் என்பது. செய்தி படித்த அன்று எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வந்தது.

அதற்கெல்லாம் முன்னால் ஏற்றுமதியான சரக்கு என்ன? டோப்பா. கிராமத்துப் பெண்கள் வெட்டி விற்ற கூந்தலை, கிராமத்திலிருந்து வந்த வேறு பெண்கள் சியோலில் உட்கார்ந்து கோத்தார்கள். துணி தைத்தார்கள். தம்பி படிப்புக்குப் பணம் அனுப்பினார்கள். 1970 நவம்பரில் ஜொன் டே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, "நாங்கள் இயந்திரங்கள் அல்ல" என்று கத்திக்கொண்டே சியோல் மார்க்கெட்டில் தன்னைக் கொளுத்திக்கொண்டார். 1979 ஆகஸ்டில் ஒய்.எச். என்ற டோப்பா கம்பெனி கதவைச் சாத்தியபோது அங்கே வேலை பார்த்த பெண்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் புகுந்தது, ஒரு இளம் பெண் செத்துப்போனார். ஆதரவு தந்த கட்சித் தலைவரை நாடாளுமன்றத்தை விட்டே நீக்கினார்கள், பூசான் நகரில் கலவரம் வெடித்தது. அக்டோபர் 26 அன்று ஜனாதிபதியை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். தாங்கள் 'அமைதியான வளர்ச்சி' என்று தலைப்புக்குள் தலைப்புப் போட்டிருக்கிறீர்கள்.

கொரியாவை முன்பு ஆண்ட ஜப்பான் 1965 உடன்படிக்கைப்படி கொடுத்த 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும், அந்த உடன்படிக்கையை எதிர்த்த மாணவர்களை அடக்க வந்த ராணுவச் சட்டமும், வியட்நாமுக்குப் போன மூன்று லட்சம் கொரியச் சிப்பாய்களும் கட்டுரையில் இல்லை. உலக வங்கி ஆகாது என்று ஒதுக்கிய போஹாங் உருக்காலை, அந்த ஜப்பான் பணத்தில்தான் 1973இல் ஓட ஆரம்பித்தது. இடப் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்கிறேன். எதிர்ப் பக்கத்தில் முழுப் பக்க நகைக்கடை விளம்பரம் இருந்தது.

நம்மவர்கள் சோம்பேறிகள் என்று கட்டுரையின் கடைசிப் பத்தி ஜாடையாகச் சொல்கிறது. 1991இல் கடல் வேலையை விட்டுவிட்டு, தம்பியோடு சேர்ந்து வால்வு செய்யும் பட்டறை போட ஒரு வங்கிக்குப் போனேன். "என்ன சொத்து இருக்கிறது?" என்றார் மேனேஜர். சொன்னேன். "வேறே?" என்றார். என்ன செய்வாய், யாருக்கு விற்பாய், எத்தனை நாளில் வெளிநாட்டுக்கு அனுப்புவாய் என்று கடைசி வரை ஒருத்தர் கேட்கவில்லை. எங்களுக்கு அடுத்த ஷெட்டில் மெஷினே இல்லாமல் மானியம் வாங்கியவர் இருந்தார். அவரையும் யாரும் கேட்கவில்லை. நாங்கள் மூன்று வருடத்தில் மூடினோம், அவர் மூடவே இல்லை. இந்த ஊரிலும் அரசு கொடுத்தது ஐயா. கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் சிங்கப்பூரைத் 'தடையில்லாச் சந்தையின் தலைநகரம்' என்று எழுதினீர்கள். அங்கே பெரும்பாலான குடும்பங்கள் இருப்பது அரசு கட்டிய வீட்டில், அந்த நிலத்தை எடுக்க 1966இல் சட்டமே போட்டார்கள் என்று எழுதினேன். மூன்று வரியாகச் சுருக்கி, 'கட்டுரை அருமை' என்ற கடிதங்களுக்கு நடுவில் போட்டீர்கள். நன்றி.

பெரிதாக ஒன்றும் கேட்கப் போவதில்லை. கட்டுரைக்கு மேலே போட்டிருக்கும் படத்தின் கீழ் 'உல்சான் கப்பல் தளம்' என்று இருக்கிறது. கிரேனில் எழுதியிருப்பது ஜப்பானிய எழுத்து. இணையப் பதிப்பிலாவது மாற்றிவிடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கத்தான் வேண்டும் என்றால் என் பட்டறைக் கதையைத் தாராளமாக வெட்டலாம். இரண்டு பாதியும் பொருந்தாமல் போன கப்பலை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி

பி.கு.: சென்ற முறை என் கடிதத்தின் கீழ் 'மாலுமி' என்று போட்டிருந்தீர்கள். மாலுமிகள் மேல்தளத்தில் இருப்பார்கள். நான் கீழே இன்ஜின் ரூமில் இருந்தவன்.