அளவு மட்டும் கேட்ட மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அப்பாவும் நானும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். நம் வீட்டுப் பண்டிகைப் பலகாரங்களுக்கெல்லாம் அளவு எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். அளவை மட்டும் எழுதுவதென்றால் ஒரே தாளில் முடித்துவிடலாம். ஆனால் எந்தப் பலகாரமும் ஏதோ ஓர் இடத்தில்தான் கூடிவரும் அல்லது கெட்டுப்போகும். அந்த ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருந்தால், மற்றவற்றை நீ இருக்கும் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதோ, அந்தப் பலகாரம் எந்த நாளுக்காக, யாருக்காகச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால்தான் விளங்கும். ஆகவே பண்டிகையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

தீபாவளி நெருங்குவதால் முதலில் அதிரசம். நான்கு தம்ளர் மாவுப் பச்சரிசிக்கு மூன்று தம்ளர் பொடித்த வெல்லம். எந்தத் தம்ளராக இருந்தாலும் இரண்டுக்கும் அதே தம்ளர். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்பிவை. வெயிலில் காய்ந்த அரிசியும், கடையில் பாக்கெட்டில் விற்கும் காய்ந்த மாவும் இதற்கு உதவாது. தொட்டால் கையில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தப் பக்குவத்தில் அரைத்துச் சலித்து, மாவை ஒரு பிடி பிடித்துப் பார்த்தால் பிடித்தபடியே நிற்க வேண்டும். பிறகு வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்ச வேண்டும்.

அதிரசத்தின் தலையெழுத்து இந்தப் பாகில்தான் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, பாகில் ஒரு சொட்டை அதில் விட்டு விரலால் கூட்டினால், கரைந்து ஓடாமல் திரண்டு, மெத்தென்று உருளையாக வர வேண்டும். அது தக்காளிப் பதம். அதற்கு முன்பே இறக்கிவிட்டால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து சிதறும்; தாண்டிவிட்டால் மறுநாள் பல்லுக்கு வேலை வைக்கும். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். கிளறி முடிக்கும்போது மாவு தளர்வாகத்தான் இருக்கும், பயந்து மேலும் மாவைக் கொட்டிவிடாதே, ஆறினால் இறுகிக்கொள்ளும். மேலே ஒரு கரண்டி நெய் ஊற்றி மூடி, ஒரு நாளாவது வைத்திருந்து, வாழையிலையில் எண்ணெய் தொட்டுத் தட்டி, மிதமான தீயில் ஒவ்வொன்றாகச் சுட்டெடு. எடுத்ததும் இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயை வடித்துவிட வேண்டும். முதல் அதிரசம் பிரிந்தால் மீதி மாவில் கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசை. கல்லாக வந்தால் சிறிது வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசை. வாழையிலைக்குப் பதிலாக நெய் தடவிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் போதும், எண்ணெய் எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் ஈர மாவுக்கும் பாகுப் பதத்துக்கும் மாற்றே கிடையாது.

இத்தனை பாடு எதற்கு என்று மருமகள் கேட்கக்கூடும். தீபாவளிப் பலகாரம் அன்றைக்கே தின்று தீர்ப்பதற்கன்று. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும், தலைத்தீபாவளி என்றால் சம்பந்தி வீட்டுக்குத் தூக்கு நிறையப் போக வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் கெடாமல் இருந்தாக வேண்டும். பாகு வைத்துச் செய்யும் பலகாரம்தான் அதற்குத் தாங்கும். கேதார கௌரி நோன்பு இருக்கும் வீடுகளில், அமாவாசை அன்று இருபத்தோரு இழை நூலோடு இருபத்தோரு அதிரசம் படைக்கும் வழக்கமும் உண்டு. நோன்பு இல்லாத நம் வீட்டிலும் ஆச்சி காலத்திலிருந்து அதிரசம் இல்லாமல் தீபாவளி விடிந்ததில்லை. ஆகவே நீ அங்கே பத்து அதிரசம் சுட்டு நீங்கள் மூவரும் தின்றுவிட்டால் அது பாதித் தீபாவளிதான். பக்கத்து வீட்டுக்காரர் எந்த நாட்டவராக இருந்தாலும் ஒரு தட்டில் நான்கு வைத்துக் கொடு.

கார்த்திகைக்கு நம் திருநெல்வேலிச் சீமையில் பனையோலைக் கொழுக்கட்டை. சென்னையில் இருக்கும் உன் நண்பர்கள் பொரி உருண்டையைச் சொல்வார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் நமக்குக் கார்த்திகை என்றாலே பனைதான். கோயில் வாசலில் பனைமரத்தை நட்டு, ஓலையைச் சுற்றிக் கட்டிச் சொக்கப்பனை கொளுத்துகிற அதே நாளில், வீட்டுக்குள்ளே அடுப்பில் அதே பனையின் ஓலைக்குள் அதே பனையின் கருப்பட்டி வெந்துகொண்டிருக்கும். இரண்டு தம்ளர் வறுத்த அரிசி மாவுக்கு ஒரு தம்ளருக்குக் குறையாமல் தட்டிய கருப்பட்டி, அரை மூடித் தேங்காய்த் துருவல், வறுத்து அரைவேக்காடாக வேகவைத்த சிறுபயறு ஒரு பிடி, சுக்கு, ஏலக்காய். கருப்பட்டியைக் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும், அடியில் மண் தங்கும். அந்தத் தண்ணீர் சூடாக இருக்கும்போதே மாவில் ஊற்றிக் கெட்டியாகப் பிசைய வேண்டும். குருத்தோலையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கினால் நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அதில் மாவை நீளமாக அடைத்து, மேலே இன்னொரு ஓலையைக் கவிழ்த்து மூடி, ஓலைக் கிழிசலாலேயே இரண்டு இடத்தில் கட்டி, இட்லிச் சட்டியில் கால் மணி நேரத்துக்கு மேல் அவிக்க வேண்டும். கட்டைப் பிரித்தால் கொழுக்கட்டையின் மேல் ஓலையின் வரிகள் அப்படியே பதிந்திருக்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொழுக்கட்டையை விட்டுவிட்டு ஓலையில் ஒட்டியிருப்பதைத்தான் முதலில் சுரண்டித் தின்பாய்.

உன் ஊரில் குருத்தோலைக்கு எங்கே போவாய் என்று நானும் யோசித்தேன். நாகர்கோவில் பக்கத்தில் இதே மாவைத் தெரளி இலையில் சுருட்டி அவிப்பார்கள், அதுவும் கார்த்திகைக் கொழுக்கட்டைதான். ஆக, இலை ஊருக்கு ஊர் மாறுவது புதிதன்று. இலங்கைத் தமிழர் கடைகளில் உறையவைத்த வாழையிலை கிடைக்கும் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய், அதில் சுற்றிக்கொள். அவிக்கும் தண்ணீரில் நான்கைந்து பிரிஞ்சி இலை போட்டால் கொஞ்சம் வாசம் ஏறும், ஏனென்றால் தெரளியும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே இனம். ஆனால் கருப்பட்டிக்குப் பதிலாக வெள்ளைச் சர்க்கரை போட்டால் அதைக் கார்த்திகைக் கொழுக்கட்டை என்று என்னிடம் சொல்லாதே. உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கிவைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு அளவு எளிது. ஒரு பங்கு பச்சரிசிக்குக் கால் பங்கு பாசிப்பருப்பு, இரண்டு பங்கு வெல்லம், தண்ணீரும் பாலுமாக ஐந்து பங்கு. நெய், முந்திரி, திராட்சை உன் மனம் போல. அரிசி கையால் மசிகிற அளவுக்குக் குழைந்த பிறகே வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும், வெல்லம் விழுந்துவிட்டால் அதற்கு மேல் அரிசி வேகாது. இது தவிர நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: குக்கரில் வைக்காதே. தை முதல் நாள் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் ‘பால் பொங்கியாச்சா?’ என்றுதான் கேட்கிறோமே தவிர, சோறு வெந்ததா என்று கேட்பதில்லை. மூடிய குக்கரில் எது பொங்கும்? வாய் திறந்த பாத்திரம் எதுவாக இருந்தாலும் சரி, பித்தளைப் பானையும் மண்பானையும் கிடைக்காவிட்டாலும் சரி, பால் விளிம்பைத் தாண்டி வழிய வேண்டும், வழிகிற நேரத்தில் பேத்தி ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்த வேண்டும். மின்சார அடுப்பைத் துடைப்பது உன் வேலை. ஜனவரி 14 அல்லது 15 உனக்கு வேலைநாளாக இருந்தால், அன்று விடியற்காலையில் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டுப் பாலை மட்டும் பொங்கவிட்டுவிட்டு, விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள். பலகாரம் காத்திருக்கும், தை பிறப்பது காத்திருக்காது.

விருந்தில் நமக்குப் பெரிய விஷயம் கிழங்குகள்தான். சேனை, சேம்பு, வள்ளி, சிறுகிழங்கு, பனங்கிழங்கு என்று மண்ணுக்கு அடியில் விளைந்த அத்தனையும் அந்த மாதத்தில்தான் சந்தைக்கு வரும். பால் பொங்கலுக்குப் பக்கத்தில் இடிசாம்பாரும் அவியலும் வைப்பது அதனால்தான். சிறுகிழங்கைச் சாக்குப்பையில் போட்டுத் தரையில் அடித்துத் தேய்த்துத் தோலுரிப்பது உன் அப்பாவுடைய பொறுப்பு, இன்றுவரை அவர் சமையலறையில் செய்கிற ஒரே வேலை அது. உனக்கு அங்கே என்ன கிழங்கு, என்ன காய் புதிதாக விளைந்து வருகிறதோ அதைப் போட்டு அவியல் வை. சிறுகிழங்கு இல்லையே என்று டப்பாவில் அடைத்த காயைத் தேடிப் போகாதே. மறுநாள் மீந்த குழம்பு, அவியல், கூட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் ஊற்றிச் சுண்டவைத்து, தண்ணீர் ஊற்றிய பொங்கல் சோற்றோடு சாப்பிட வேண்டும். சுண்டக்கறிக்குச் செய்முறை என்று எதுவும் இல்லை. நிறைய மீந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேத்திக்கு ஐந்து வயதாகிவிட்டதால் சிறுவீட்டுப் பொங்கலையும் சொல்லிவைக்கிறேன். மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் சாண உருண்டையில் பூசணிப்பூ வைத்து, அந்த உருண்டைகளை எருவாகத் தட்டிச் சேர்த்துவைத்து, தையில் ஒரு நாள் முற்றத்தில் மண்ணால் சின்ன வீடு கட்டி, அதன் முன் பெண்பிள்ளைகளே சின்னப் பாத்திரத்தில் பொங்கலிட்டு, பிறகு அந்தப் பூவெருவைத் தாமிரபரணியில் விட்டுவருவார்கள். உன் அக்கா கட்டிய சிறுவீட்டின் சுவரை நீ மிதித்த கதையை அவளே உனக்குச் சொல்வாள். உன் வீட்டில் முற்றமும் இல்லை, சாணமும் கிடைக்காது. அட்டைப்பெட்டியில் ஒரு வீடு செய்துகொடு. பாத்திரமும் அரிசியும் வெல்லமும் அவள் கையில் இருக்கட்டும், நெருப்புக்குப் பக்கத்தில் மட்டும் நீ நில். அந்தப் பொங்கல் குழைந்தாலும் அடிபிடித்தாலும் யாரும் திருத்தக் கூடாது என்பது பழைய முறை.

பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை உனக்கே வரும். மேல்மாவுக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைப் போட வேண்டும், சூடு ஆறுவதற்குள் நல்லெண்ணெய் தொட்டுப் பிசைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூரணம் வைக்கும் மாவுக் கிண்ணமான செப்பு விரிசல் விடும். நவராத்திரிச் சுண்டலுக்கு முந்தின இரவே பயறை ஊறப்போட மறக்காமல் இருந்தால் போதும். சித்திரை விஷுவுக்கு மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ சேர்க்க வேண்டும். காய்ந்த பூ ஒரு பொட்டலம் அனுப்புகிறேன், நெய்யில் வறுத்துக் கடைசியில் போடு.

ஒன்றை மட்டும் எழுத மாட்டேன். ஔவையார் நோன்புக் கொழுக்கட்டை எப்படி என்று நீ பட்டியலில் கேட்டிருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ‘அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி’ என்று சொல்லி, அந்த மாதங்களின் செவ்வாய்க்கிழமைகளில் வீட்டு ஆண்களெல்லாம் தூங்கிய பிறகு பெண்கள் மட்டும் கூடிச் செய்வது அது. உப்பில்லாத அந்தக் கொழுக்கட்டையை ஆண்கள் தின்பது இருக்கட்டும், பார்ப்பதற்கே அனுமதி இல்லை. உன் அப்பாவுக்கு இத்தனை வருடத்தில் அதன் வடிவம்கூடத் தெரியாது. மருமகளுக்கு வேண்டுமென்றால் அவள் என்னைத் தனியாக அழைக்கட்டும், சொல்கிறேன்.

பார்சலில் கருப்பட்டியோடு தீபாவளி மருந்துக்கான சாமான்களும் இருக்கும்: சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், எல்லாவற்றையும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, வெயிலில் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்துப் பொடித்துத் தனியாகக் கட்டியிருக்கிறேன். பொடியின் அளவுக்கு இரண்டு பங்கு வெல்லத்தைக் கரைத்துக் கொதிக்கவைத்து, பொடியைத் தூவி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுச் சுருளக் கிளறி, ஆறியபின் தேன் சேர்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு, பலகாரத்தில் கை வைப்பதற்கு முன் ஆளுக்கு ஒரு கொட்டைப்பாக்கு அளவு. பேத்திக்குக் கடுகளவு போதும். சுங்கத்தில் பொடியைப் பிரித்துப் பார்த்து என்னவென்று கேட்டால் சொல்வதற்கு வசதியாக, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயர் எழுதி ஒட்டும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வந்து சேர்ந்ததும் தெரிவி. அரிசியை ஊறப்போடுகிற அன்று காலையில் கூப்பிடு, பாகு காய்ச்சும்போது நான் வீடியோவில் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா